இழுத்துத் திறக்கும் போனுக்கு ஒரு நாள் பரீட்சை

கடைக்காரர் அந்தப் போனைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தபோது, ஒரு மனுசனுடைய உயிர் இதை நம்பித்தான் கிடக்கிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விலையைக் கூட்டிவிடுவார் என்று ஒரு பயம். சொல்லத் தொடங்கினால் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவேன் என்று இன்னொரு பயம். போனின் மேல்பாதியைக் கட்டைவிரலால் தள்ளினேன். சரக்கென்று நகர்ந்தது. அடியில் ஆங்கில எழுத்து முழுவதும் பொத்தான் பொத்தானாக இருந்தது. மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன்.

"தங்கச்சி, அது போனு. ஜிப்பு இல்ல" என்றார் கடைக்காரர்.

"ஜிப்பையே பத்து தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் வாங்குவேன் அண்ணாச்சி. போன சும்மா வாங்கிருவனா?"

நான் ஜாக்கெட் தைக்கிறவள். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் பாதிப் பெண்களின் தோள் அளவு எனக்கு மனப்பாடம். எந்தச் சாமானையும் இழுத்துப் பார்க்காமல், கசக்கிப் பார்க்காமல், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் என் கை வாங்காது. வாயும் அப்படித்தான். நாலு கேள்வி கேட்காமல் நிற்காது. என் வாயைப் பற்றி என் மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் ஊருக்கே சொல்லி முடித்துவிட்டார், நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் பூச்சந்தையில் ஏலம் கூவுகிறவர். காலையில் மல்லியும் பிச்சியும் சம்பங்கியும் ஈரச் சாக்கில் பஸ்ஸிலும் பைக்கிலும் வந்து இறங்கும். கமிஷன் கடை வாசலில் நின்று அவர் முதல் குரல் கொடுத்தால், தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிற வியாபாரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவார். கூவுகிறவன் குரலில் சுணக்கம் தெரிந்தால் பூவின் விலையும் சுணங்கிவிடும். அது அவருக்குத் தெரியும், பூ பயிரிட்டுக் கொண்டுவருகிற சம்சாரிகளுக்கும் தெரியும். அதனால் இவர் வந்துவிட்டாரா என்று பார்த்துத்தான் சாக்கை அவிழ்ப்பார்கள்.

அந்தத் தொண்டையில்தான் நோய் வந்து உட்கார்ந்தது. முதலில் கரகரப்பு. கூவுகிறவனுக்குத் தொண்டை கட்டாமல் காலா கட்டும் என்று சிரித்தார். பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை என்று எல்லாம் பார்த்தோம். கோயில் புற்றுமண்ணைக் குழைத்துக் கழுத்தில் பற்றுப் போட்டேன். சோறு இறங்காமல் போன பிறகுதான் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நல்ல மனிதர். சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், எடுக்காவிட்டால் இல்லை, சத்தம் இனி வராது, கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாகத்தான் மூச்சு, தள்ளிப்போடக் கூடாது என்றார். நான் ஏதோ கேட்டேன், என்ன கேட்டேன் என்று ஞாபகம் இல்லை.

வெளியே வராந்தாவில் அதே ஆப்பரேஷன் முடிந்த ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துணி கட்டியிருந்தது. மடியில் ஒரு சிலேட்டு. என்னமோ எழுதி, கூட வந்திருந்தவர்களிடம் தூக்கிக் காட்டினார். அவர்கள் அந்தப் பக்கம் திரும்பி மருந்துச் சீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் கொஞ்ச நேரம் தூக்கியபடியே இருந்தார். பிறகு கையை இறக்கி, எழுதினதைத் தன் துண்டாலேயே துடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அதை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார்.

பஸ் பனவடலிசத்திரத்தைத் தாண்டியது. அதற்கப்புறம் அந்தக் கரகர குரலில் சொன்னார்: "ஏட்டி, நான் வரமாட்டேன். சிலேட்டத் தூக்கிக்கிட்டு அலையுததுக்கு சத்தத்தோட செத்துப் போறேன்."

"அறிவு கெட்டுப் போச்சா உங்களுக்கு? உசிரு பெருசா, சத்தம் பெருசா?" என்று பஸ் என்றும் பாராமல் கத்தினேன். முன்சீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. வீட்டில் சத்தம் என்றால் அது எங்கள் இரண்டு பேர் சத்தம், அதிலும் முக்கால்வாசி சண்டைச் சத்தம். நான் அழுதேன், திட்டினேன், சாப்பிடாமல் கிடந்தேன். அவர் காலைக்கூடப் பிடித்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. டாக்டர் ஆப்பரேஷனுக்குக் குறித்துக் கொடுத்த நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "சரி. சத்தம் போனதுக்கப்புறம் நான் எப்படிப் பேச? சிலேட்டு இல்லாம ஒரு வழி சொல்லு, வாரேன். வழியில்லன்னா வாயப் பொத்திக்கிட்டு இரு."

அதைப் பிடித்துக்கொண்டேன். வீட்டிலிருந்த என் சாதாரணப் போனில் மெசேஜ் அடித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரே பொத்தானை நாலு தடவை அமுக்கினால்தான் ஒரு எழுத்து வரும். அவர் கட்டைவிரல் ஒரே அமுக்கில் மூன்று பொத்தானை அமுக்குகிற அளவு. 'சோறு' என்று அடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது. போனை அரிசிப் பானைக்குள் எறிந்தார். அடுத்த வீட்டில் புதிதாக டச் போன் வாங்கியிருந்தார்கள். கேட்டு வாங்கி வந்தேன். பூச்சந்தையில் வேலை பார்க்கிறவர் கை எந்நேரமும் ஈரம். ஈர விரலைக் கண்டால் அந்தப் போன் செத்த மாதிரி கிடந்தது.

அந்த வாரம் தைத்த துணி கொடுக்கப் புளியங்குடிக்குப் போகவேண்டியிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். அவள் போனை எடுத்து ஒரு தள்ளு தள்ளினாள். உள்ளேயிருந்து பொத்தான் பலகை வந்தது. இரண்டு கட்டைவிரலையும் வைத்து, என் மெஷின் ஊசி ஓடுகிற மாதிரி அடித்துத் தள்ளினாள். ஒரு எழுத்துக்கு ஒரு பொத்தான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பயந்தே போனாள்.

"இதுக்குப் பேரு என்னம்மா? எங்க வாங்கின?"

"ஸ்லைடு போனு அத்தை. விலை கம்மிதான். ஆனா இப்பம் வாரதில்லன்னு சொல்லுதாங்க. எல்லாரும் டச்சுக்குப் போயிட்டாங்கல்லா?"

அப்படித்தான் நான் சங்கரன்கோவில் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் இந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஊருக்கே ஒன்றுதான் இருந்தது, அதுவும் பார்வைக்கு வைத்திருந்த போன்.

"ஒரு டம்ளர் தண்ணி தாங்க" என்றேன். கொடுத்தார். குடிக்காமல் கட்டைவிரலை முக்கிப் பொத்தானை அமுக்கினேன்.

"ஏ யப்பா! என்ன செய்யுதிய?" என்று அவர் எழுந்துவிட்டார்.

"ஈரக் கைக்குக் கேக்குதான்னு பாக்கேன்." கேட்டது. எழுத்து விழுந்தது. எனக்குள் ஏதோ ஒன்று முதல் தடவையாக மேலே எழும்பியது. அடுத்து மெசேஜ் வந்தால் என்ன சத்தம் வரும் என்று கேட்டேன். அவர் ஒலிக்கவிட்டார். தையல் மெஷின் ஓடும்போது கேட்குமா என்று பார்க்கவேண்டும். 'டொட டொட டொட' என்று வாயாலேயே மெஷின் ஓட்டிக் காட்டி, "இப்பம் அடிங்க" என்றேன். கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன். தமிழ் எழுத்து வருமா என்றதற்கு, "வராது தங்கச்சி, கட்டம் கட்டமாத் தெரியும், இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிச்சிக்கிடணும்" என்றார். அது பரவாயில்லை. சம்சாரிகள் சாக்கில் பெயிண்டால் ஆங்கில இனிஷியல்தான் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து இவருக்கு எழுத்து எல்லாம் தெரியும்.

ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக்கொண்டே வந்தேன். முதல் எழுத்திலேயே பழுது. ஆங்கில 'ஏ' பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் எழும்பாமல் அப்படியே கிடந்து, வரிசையாக அதே எழுத்தை ஒரு வரி முழுக்கக் கொட்டியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அந்த எழுத்து இல்லாமல் தமிழில் எதை அடிப்பது? அம்மா என்று அடிக்க முடியுமா, ஆமா என்று அடிக்க முடியுமா?

"வேற பீஸ் இல்லையா?"

"இதான் கடைசி. கம்பெனிக்காரனே நிறுத்திட்டான். எத்தன பேரு கை பட்டிருக்கும், கொஞ்சம் சிக்கத்தான் செய்யும். அதுக்குத்தான் குறைச்சுச் சொல்லுதேன்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஏற்கெனவே கேட்ட கடைகளில் மறுபடியும் கேட்டேன். மத்தியான வெயிலில் ராஜகோபுரத்துக்கு எதிரே நின்று, தாயே, ஒரு பொத்தானிலா என் தாலியைக் கொண்டுபோய்க் கட்டுவாய் என்று வாய்விட்டே கேட்டேன். பூ விற்கிறவள் ஒருத்தி தண்ணீர் வேண்டுமா என்றாள். திரும்பிப் போய் அந்தப் போனையே வாங்கினேன்.

வீட்டில் ஊசிமுனையால் அந்தப் பொத்தானைச் சுற்றி நோண்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். வாரக்கணக்கில் சேர்ந்த அழுக்கு வந்தது. அதற்கப்புறம் பெரும்பாலும் ஒழுங்காக எழும்பியது. மூலையில் அமுக்கினால் மட்டும் சிக்கும். "நடுவுல அமுக்குங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் போனைத் திறந்து, மூடி, திறந்து பார்த்தார். என் கணக்கில் ஒரு மாப்பிள்ளையைக்கூட அவ்வளவு நேரம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"ஒரு நாளு" என்றார். "நாளைக்குக் காலையில இருந்து விளக்கு வைக்க வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன். சந்தையிலயும் சரி, வீட்லயும் சரி. இத வச்சு ஒரு நாளு ஓடிச்சின்னா ஆஸ்பத்திரிக்கு வாரேன். ஓடலன்னா அதுக்கப்புறம் நீ அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது. அம்பாள் மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். வேறு என்ன செய்ய?

இனி ஒரு சிக்கல். சந்தையில் யாருக்கும் நோயைப் பற்றித் தெரியாது. தெரியவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். அப்படியானால் ஏலம் கூவுகிறவன் ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் போனை நீட்டுவதற்கு என்ன காரணம் சொல்வது? எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அம்பாளுக்கு மௌன விரதம்னு சொல்லிருவோம்" என்றேன். அவர் முகம் சுளித்தார். சாமி விஷயத்தில் பொய் வேண்டாம் என்றார். "நல்லதுக்குத்தான சொல்லுதோம், அம்பாளுக்குத் தெரியாதா" என்று அடக்கிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் பூ வாங்குகிற சாக்கில் நானும் கூடப் போனேன். கமிஷன் கடை முதலாளியிடம் நானே சொன்னேன்: "அண்ணாச்சி, அம்பாளுக்கு நேந்துருக்காக. இன்னைக்கு மௌன விரதம். சொல்ல வேண்டியத போன்ல அடிச்சுக் காட்டுவாக, பக்கத்துல ஒரு ஆளு பாத்துக் கூவிட்டாப் போதும்." முதலாளி சரியென்று தலையாட்டினார். முதல் சாக்கு அவிழ்ந்தது. இவர் போனைத் தள்ளித் திறந்தார். அடித்தார். பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்து அதைச் சத்தமாகக் கூவினார். வியாபாரி ஒருவர் ஏற்றிக் கேட்டார். இவர் மறுபடி அடித்தார், ஈரக் கட்டைவிரலோடு. கணக்குப்பிள்ளை கூவினார். ஓடியது! நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். ஓடுகிறது தாயே, ஓடுகிறது என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் வயதான வியாபாரி ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "ஏ வே, இது என்னவே விரதம்? வாயால பேசினா என்ன, போனால பேசினா என்ன? பேச்சுதான வே?"

"அதான" என்றார் இன்னொருவர். "எங்க பெரியப்பா மௌன விரதம் இருந்தாருன்னா எழுதிக்கூடக் காட்ட மாட்டாரு. கையக்கூட ஆட்ட மாட்டாரு. சும்மா இருக்கதுதான் விரதம்."

பத்து பேர் சேர்ந்துகொண்டார்கள். சந்தையில் பூவுக்கு ஒரு விலை முடிக்க ஆயிரம் பேச்சு பேசுகிறவர்கள், இதில் மட்டும் ஒரே பேச்சாக நின்றார்கள். கோமதி அம்பாள் ஊரில் இருந்துகொண்டு அரை விரதம் இருப்பதா? கடைக்கு ஆகாது, வாங்குகிறவனுக்கும் ஆகாது. முதலாளி கைகூப்பாத குறையாகச் சொன்னார்: "அம்பாள் காரியம். எதுக்கு வம்பு? போன உள்ள வையும். இன்னைக்கு ஒரு நாளு சும்மா நின்னாப் போதும், உமக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் என்னைப் பார்த்தார். என்ன சொல்வேன்? இல்லை, இது விரதம் இல்லை, இவருக்குத் தொண்டையில் புற்று என்று அத்தனை பேர் நடுவில் சொல்லவா? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவள் நான்தானே. அவர் போனை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

அதற்கப்புறம் கணக்குப்பிள்ளையே கூவினார். குருவிகுளம் பக்கமிருந்து பிச்சி கொண்டுவந்திருந்த ஒரு அம்மாவின் சாக்கு அவிழ்ந்தது. நல்ல பூ, மொட்டு விரியாத பூ. கணக்குப்பிள்ளைக்கு இழுத்துக் கூவத் தெரியவில்லை. வியாபாரிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். விலை கீழேயே முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஒரு எட்டு முன்னால் வந்தார். வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனை எடுத்து, யாருக்கும் தெரியாமல் திரும்பி நின்று என்னமோ அடித்து அந்த அம்மாவிடம் நீட்டினார். 'கொடுக்காத, இரு' என்று அடித்திருந்தாராம். அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. விரதம் இருக்கிற ஆள் எதையோ காட்டுகிறார், சாமிப் படமாக இருக்கும் என்று நினைத்துவிட்டாள். போனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எம் மகளுக்கு ஒரு நல்ல வரன் அமையணும்னு வேண்டிக்கிடுங்கய்யா" என்று கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டுச் சாக்கைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவர் முகத்தை அப்போது பார்த்தேன். சிலேட்டு வைத்திருந்த ஆள் முகம் அது. பூவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

அவர் வந்தபோது மத்தியானம். கட்டிலில் உட்கார்ந்து போனை முன்னால் வைத்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நான் தொடங்கிவிட்டேன்.

"என் தப்புதான். நான் சொன்ன பொய்யிதான். அதுக்காக இதக் கணக்குல எடுக்கக்கூடாது. நாளைக்கு வேற எங்கயாவது வச்சுப் பாப்போம். விரதம் இல்லன்னு சொல்லிருவோம். நோயின்னே சொல்லிருவோம், என்ன இப்பம்? யாருக்கு வரல நோயி?"

அவர் போனைத் திறந்து அடிக்க ஆரம்பித்தார். டிக், டிக், டிக்.

"நீங்க என்ன சொல்லப் போறீயன்னு எனக்குத் தெரியும். முடியாதும்பீய. ஓடலல்லா, சத்தியத்தக் காப்பாத்தும்பீய. நான் காப்பாத்த மாட்டேன். அம்பாள் என் கண்ணக் குத்தட்டும்."

டிக் டிக் டிக் டிக் என்று ஒரே பொத்தான் வேகமாகக் கேட்டது. அவர் நிறுத்தி, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து அடித்தார்.

"வாயத் தொறந்து பேசித் தொலைங்களேன்! விரதமாவது மண்ணாவது. நாமளே கட்டின கதைதான அது!"

அவர் தலையை ஆட்டினார். கோயில் இருக்கிற திசையைக் கைகாட்டினார். ஊர் கூடி விரதம் என்று சொன்ன பிறகு அது அவருக்கு விரதமாகவே ஆகிவிட்டது. அந்த அம்மா கும்பிட்டதற்கப்புறம் அவரால் அதை உடைக்க முடியாது. பேசாதே பேசாதே என்று எத்தனையோ சண்டையில் அவரை நான் அடக்கியிருக்கிறேன். அன்றைக்குப் பேசு பேசு என்று கெஞ்சினேன், அந்த மனுசன் அசையவில்லை.

"நீங்க செத்துப்போனா நான் யார்கூடச் சண்டை போட? சொல்லுங்க. இந்தச் சுவர்கூடயா? எனக்கு யாரு இருக்கா?" கத்திக்கொண்டே போனேன். டிக், டிக் என்று அடிப்பார். நான் அடுத்ததைச் சொல்வேன். டிக் டிக் டிக் டிக் என்று மறுபடி அந்த வேகமான சத்தம். அது என்ன சத்தம் என்று அப்போதுதான் உறைத்தது. அழிக்கிற பொத்தான். அவர் பாதி அடிப்பதற்குள் நான் வேறு எங்கேயோ போய்விடுகிறேன். அடித்தது பழசாகிவிடுகிறது. அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார். அதற்குள் நான் இன்னும் தள்ளிப் போய்விடுகிறேன். அந்தச் சிலேட்டுக்காரர் தன் துண்டால் துடைத்தது ஞாபகம் வந்தது.

வாயை மூடவேண்டும். ஆனால் எனக்கு வாயை மூடத் தெரியாது, உண்மையாகவே தெரியாது. மெஷின் மேல் குண்டூசி டப்பா இருந்தது. துணியில் குத்துவதற்கு முன்னால் ஊசிகளை வரிசையாக உதட்டில் இடுக்கிக்கொள்வது எங்கள் பழக்கம். என் வாய் சும்மா இருக்கிற நேரம் என்று ஒன்று உண்டென்றால் அந்த நேரம்தான். திறந்தால் ஊசி தொண்டைக்குள் போய்விடும். ஒரு பிடி எடுத்து உதட்டில் இடுக்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். பிறகு குனிந்து அடித்தார். எவ்வளவு மெதுவாக அடித்தார் தெரியுமா? ஒரு எழுத்தைத் தேடுவார், கண்டுபிடிப்பார், அமுக்குவார். அடுத்ததைத் தேடுவார். தெருவில் உப்பு விற்கிறவன் கூவிக்கொண்டு போனான். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அசையவில்லை. சொல்ல வேண்டியது எல்லாம் பல்லுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. கண்ணீர் வழிந்து ஊசிக்கொண்டையில் சொட்டியது. கடைசியில் மெஷின் மேலிருந்த என் போன் ஒலித்தது. அவர் ஆங்கில எழுத்தில் அடித்ததைத் தமிழிலேயே இங்கே எழுதுகிறேன்.

'பயமா இருக்கு.'

கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் குரலில் நான் கேட்டதே இல்லை. சந்தையையே அதட்டுகிற குரலில் அதற்கு இடம் இருக்கவில்லையோ என்னமோ. ஊசியைத் துப்பிவிட்டு அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். நின்றேன்.

'ஓட்டைக்குப் பயம் இல்ல. சிலேட்டுக்காரன் தூக்கிக் காட்டினான். ஒருத்தரும் பாக்கல. அதான்.'

நின்றேன்.

'நான் அடிச்சு முடிக்க வரைக்கும் நிப்பியா.'

தலையை ஆட்டினேன். பலமாக ஆட்டியதில் ஒரு ஊசி உதட்டைக் குத்திவிட்டது. அவர் எழுந்து வந்து கட்டைவிரலால் ரத்தத்தைத் துடைத்தார். மறுபடி போய் உட்கார்ந்தார்.

'அப்பம் வாரேன்.'

அந்தப் போன் பரீட்சையில் பாஸா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். சந்தையில் தோற்றுவிட்டது. பாட்டரி சாயங்காலத்துக்கே நாக்கைத் தள்ளிவிட்டது. தள்ளித் திறக்கிற இடத்தில் அன்றைக்கே ஆட்டம் கண்டது. ஆனாலும் அவர் வாரேன் என்றார். எனக்கு அது போதும். ஊசியை உதட்டில் இடுக்கினபடியே விளக்கு ஏற்றினேன். விரதம் முடிந்தது. அவர் தொண்டையைச் செருமி, அந்த நாளின் முதல் வார்த்தையைச் சொன்னார்.

"ஏட்டி, இப்பமாவது அந்த ஊசியத் துப்பு."

குறித்த நாளில் ஆப்பரேஷன் நடந்தது. அதற்கு முந்தின நாள் காலை வரைக்கும் சந்தைக்குப் போனார். அன்றைக்கு அவர் கூவினதைப் பற்றி முதலாளி பிற்பாடு என்னிடம் சொன்னார். நான் கேட்கப் போகவில்லை. என்னால் முடியாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

வார்டில் அவரைக் கொண்டுவந்து போட்டபோது கழுத்து முழுக்கக் கட்டு. நடுவில் ஒரு குழாய். அது வழியாகக் காற்று போய் வருகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் வாயை அசைத்தார். ஏட்டி என்று உதடு சொன்னது, காற்றுகூட வரவில்லை. அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது. என்னதான் சொல்லி வைத்திருந்தாலும், ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்காமல் மனுசனுக்குத் தெரியுமா? கண் மிரண்டுபோய் என்னையே பார்த்தார். நான் பையிலிருந்து போனை எடுத்துத் தள்ளித் திறந்து அவர் கையில் வைத்தேன். என் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி நின்றேன். இந்தத் தடவை ஊசி தேவைப்படவில்லை.

கட்டைவிரல் பொத்தான்களின் மேல் நகர்ந்தது. ஒரு பொத்தானில் போய் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து என் போன் ஒலித்தது. பார்த்தேன். வரி முழுக்க அந்த முதல் எழுத்து மட்டும். ஆஆஆஆஆஆ என்று ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும். பாழாய்ப் போன பொத்தான் சிக்கிக்கொண்டது, மூலையில் அமுக்கியிருப்பார் என்று நினைத்தேன். போனை வாங்கிச் சரிசெய்யக் கையை நீட்டினேன்.

அவர் தரவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டார். குனிந்து பார்த்தேன். விரல் மூலையில் இல்லை. பொத்தானின் நட்ட நடுவில் இருந்தது, நகம் வெளுக்கிற அளவுக்கு அமுக்கியபடி. வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு கட்டுக்கு மேலே புடைத்து நின்றது. இன்னொரு கட்டைவிரல் அனுப்புகிற பொத்தானைத் தட்ட, என் கையில் போன் மறுபடி ஒலித்தது. மறுபடி ஒரு வரி. மறுபடி ஒலித்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் வந்து, என்னம்மா ஆச்சு, அந்தப் போனை வாங்குங்க என்றார். நான் வாங்கவில்லை. அவர் முடிக்கிற வரைக்கும் அந்தக் கட்டில் பக்கத்திலேயே நின்றேன்.